வெளிறிப்போன கண்ணாடி பீடிங்: கறுப்பேற்றுவதா, கழற்றி மாற்றுவதா?

பாளையங்கோட்டையில் வெட்டவெளியில் நிற்கிற காரை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். மேற்கு வெயில் விழும் பக்கத்துக் கதவுகளில், கண்ணாடிக்குக் கீழே ஓடும் கறுப்பு ரப்பர் பட்டை, அதாவது பீடிங், சாம்பல் பூத்திருக்கும். மறுபக்கம் அந்த அளவுக்குக் கெட்டிருக்காது. சரிசெய்ய நான்கு வழி: பாலிஷ், பெயிண்ட், ஸ்டிக்கர், புது பீடிங். வெறும் வெளிறல் என்றால் பாலிஷ் போதும். வெடிப்பு விழுந்துவிட்டால் என் ஓட்டு புது பீடிங்குக்குத்தான். அழகுக்காகச் சொல்லவில்லை, கண்ணாடியைக் காப்பாற்றச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு சோதனை. ஈரத்துணியால் துடையுங்கள். நனைந்திருக்கும்போது கறுத்து, காய்ந்ததும் மறுபடி வெளிறினால் மேல்தோல் மட்டும்தான் கெட்டிருக்கிறது. அடுத்து, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, அதை உரசுகிற பீடிங்கின் ஓரத்தை, அதாவது உதட்டை, கட்டைவிரலால் அமுக்குங்கள். அமுங்கித் திரும்பி வந்தால் ரப்பரில் உயிர் இருக்கிறது. விறைத்து நின்றாலோ, லேசாக மடக்கும்போது வெடிப்பு வாய் பிளந்தாலோ அதற்கு மேல் எந்த மருந்தும் ஏறாது.

பாலிஷில், டேஷ்போர்டுக்குப் போடும் எண்ணெய்ப் பசை ரகம் வேண்டாம். பளபளப்பு ஒரு கழுவலோடு போகும், அதுவரை புழுதியை இழுத்து ஒட்டவைக்கும். தண்ணீர் கலப்பில் வரும் டிரிம் ரெஸ்டோரர் (வெளிறியதைக் கறுப்பேற்றும் திரவம்) மேல். ஷாம்பு போட்டு மென்மையான பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் மாதக்கணக்கு நம்மூர் வெயிலில் நிற்கும் காருக்குப் பொருந்தாது. பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். டீசலும் மண்ணெண்ணெயும் தேய்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அன்றைக்குக் கறுப்பாகத் தெரியும். ஆனால் எண்ணெய் ஏறினால் ரப்பர் ஊதித் தொளதொளக்கும். சூடு காட்டிக் கறுப்பேற்றும் ஹீட் கன் (வெப்பக்காற்றுக் கருவி) கட்டிப் பிளாஸ்டிக்குக்கு மட்டும். கண்ணாடி ஓரத்தில் காட்டினால் கண்ணாடியே தெறிக்கலாம்.

பெயிண்ட் கொஞ்சம் நாள் நிற்கும், ஆனால் முன்வேலை அதிகம். 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பிளாஸ்டிக் பிரைமர் ஒரு கோட், அதன்மேல் சாட்டின் பிளாக் இரண்டு மூன்று கோட் மெல்லிசாக, கோட்டுக்குக் கோட் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி. முன்பு சிலிக்கான் பாலிஷ் போட்ட பீடிங் என்றால் பெயிண்ட் பிடிக்காமல் வட்ட வட்டமாகப் பள்ளம் விழும். வளைகிற ரப்பரில் அடித்தால் பெயிண்டே வெடிக்கும். பெயிண்டை வளையவைக்கும் ஃப்ளெக்ஸ் மருந்து கலந்தால் தாங்கும், எத்தனை நாள் என்பது காருக்குக் கார் மாறும். உதட்டின் மேல் மட்டும் தெளிக்கவே கூடாது.

ஸ்டிக்கர், இரண்டு கண்ணாடிக்கும் நடுவிலுள்ள தூண் பட்டைக்கு நல்ல வேலை. பீடிங்குக்கு ஆகாது, ஓரம் தூக்கிக்கொள்ளும்.

இப்போது புது பீடிங்கின் பக்கம். அந்த உதட்டின் உட்புறத்தில் வெல்வெட் மாதிரி மெல்லிய ரோமம் இருக்கும். கண்ணாடி இறங்கும்போது புழுதியை வழித்து வெளியே நிறுத்துவது அதுதான். ரப்பர் இறுகியதும் உதடு கண்ணாடியை அணைக்காது. இடையில் மண் தங்கும். ஆனி ஆடிக் காற்றில் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஓடுகிற காருக்கும், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுச் சாலையில் போகிற காருக்கும் இது அன்றாடம். அதே மாதங்களில் தென்காசிச் சாரலில் நனைந்தால் மண் குழம்பாகி ரோமத்திலேயே அப்பிக்கொள்ளும். மணலிலுள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். ஒவ்வொரு தடவை சுவிட்சை அமுக்கும்போதும் மேலிருந்து கீழாக ஒரு கீறல். பகலில் தெரியாது, மாலை வெயில் சாய்வாக விழும்போது கண்ணாடி முழுக்க நூல் நூலாகக் கோடு நிற்கும். நகம் தட்டுகிற ஆழத்துக்குப் போனால் பாலிஷ் போட்டும் ஒழுங்காக எடுக்க முடியாது, கண்ணாடியையே மாற்ற வேண்டும். பாலிஷும் பெயிண்டும் இந்த உதட்டைத் தொடுவதே இல்லை.

மாற்றுவது பெரிய வேலையும் இல்லை. வலது, இடது, முன், பின் என நான்கும் வேறு வேறு. ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணாச்சியிடம் மாடலோடு வருடத்தையும் சொல்லி வாங்குங்கள். லோக்கல் பீடிங் என்றால் ரோமத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், உதிர்ந்தால் வேண்டாம். கண்ணாடியை இறக்கி, பீடிங்குக்குக் கீழே பெயிண்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பல கார்களில் கதவின் பூட்டுப்பக்க ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதை முதலில் கழற்ற வேண்டும். சில மாடல்களில் முன்கதவுக்கு சைடு மிரரையும் கழற்ற வேண்டிவரும். பிறகு பின்முனையிலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் கொஞ்சம் கொஞ்சமாக நேராக மேலே தூக்குங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் உள்ளே ஓடும் தகடு மடங்கிக் கதவின் விளிம்பையும் வளைக்கும். விளிம்பில் துரு இருந்தால் தேய்த்து டச்சப் பெயிண்ட் வைத்துக் காயவிடுங்கள். புதியதற்கு எண்ணெய் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். முன்முனையைப் பொருத்தி, உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே வந்தால் கிளிப் ஒவ்வொன்றும் சத்தத்தோடு உட்காரும்.

கடைசியில் ஒரு செம்புத் தண்ணீரைக் கண்ணாடியின் மேல் ஊற்றிப் பாருங்கள். கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது கதவின் அடியிலுள்ள துளைகள் வழியாகச் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் புழுதி அடைத்திருக்கிறது, ஒரு கேபிள் டையால் குத்திவிடுங்கள்.