பில் எந்த மேஜையில் இருக்கிறது: ஷீட்டா, சொந்த மென்பொருளா?

டவுன்ஹால் ரோட்டு ஸ்டேஷனரிக்காரர் வாரம் ஒருமுறை போன் போடுவார். "அண்ணே, நம்ம பில்லு எந்த டேபிள்ல நிக்குது?" மதுரைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிதிப் பிரிவில் இருக்கும் எனக்கு, இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை ஏற்பாடும். தபால் பதிவேட்டை விடுங்கள். நான்கு செக்‌ஷன், நான்கு நோட்டு, நான்கு விதமான எண். மிச்சம் இரண்டு வழி: கூகுள் ஷீட், அல்லது பிஎச்பி (நிரல் மொழி), மைஎஸ்க்யூஎல் (தரவுத்தளம்) வைத்துச் சொந்தமாக மென்பொருள் எழுதுவது.

ஷீட்டுக்குச் செலவில்லை, சொல்லித்தர அரை நாள் போதும். ஓராண்டு அதைத்தான் ஓட்டினோம். மார்ச் கடைசி வாரத்தில் யாரோ தேதிப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டார். பில் ஒருவருடையது, தேதி இன்னொருவருடையது! பழைய பதிப்புக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு ஏறிய பில்களை மறுபடி தட்டினோம்.

அதைவிடப் பெரிய குறை, பில் போன தடம் நிற்காதது. 'முன்தணிக்கை' (பணம் கொடுக்கும் முன் பில்லைச் சரிபார்க்கும் பிரிவு) என்பதை அழித்துவிட்டுக் 'கணக்குப் பிரிவு' என்று எழுதினால், முன்தணிக்கையில் எத்தனை நாள் கிடந்தது என்பது கண்ணில் படாது. திருத்த வரலாற்றைத் தோண்டலாம்தான். 31ஆம் தேதி சாயங்காலம் யார் தோண்டுவது? சொந்த மென்பொருளில் ஒவ்வொரு கைமாற்றமும் தனி வரி: யார் அனுப்பினார், யார் வாங்கினார், எத்தனை மணிக்கு. வாங்கியவர் 'வந்தது' என்று அழுத்தும்வரை பில் அனுப்பியவர் தலையில்தான். அழிக்கும் வசதியே வைக்கவில்லை. தவறென்றால் திருத்த வரி ஒன்று சேர்க்க வேண்டும். ஜிஎஸ்டி எண் இல்லாமல் மூன்று முறை திரும்பிய பில்லின் கதை அப்படியே வரிசையாக நிற்கும். தணிக்கைக்கு வருபவர்கள் கேட்பதும் அதைத்தான்.

சறுக்கலும் உண்டு. யுடிஆர் எண்ணுக்கு (வங்கி ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தரும் அடையாள எண்) 16 எழுத்து இடம் விட்டிருந்தோம், நெஃப்ட் வழி வங்கிப் பரிமாற்றத்துக்கு அது சரி. 2 லட்சத்துக்கு மேல் ஒரு கட்டட பில், பெரிய தொகைக்கான ஆர்டிஜிஎஸ் பரிமாற்றத்தில் போனபோது, 22 எழுத்து எண்ணின் வால் அறுந்துவிட்டது.

பராமரிப்பில் ஷீட்தான் மேல், மறைக்கவில்லை. எங்களுக்கு எழுதித்தந்த எம்சிஏ மாணவர் வேலை கிடைத்துச் சென்னை போய்விட்டார். பேக்கப் ராத்திரி தானாக எடுக்கிறது. அதிலிருந்து மீட்டுப் பார்த்தது ஒரே தடவை. ஓடுவதும் ஒரு நிதியாண்டாகத்தான். மாதம் இருபது, முப்பது பில் வருகிற கல்லூரி என்றால் ஷீட்டே போதும். தேதிப் பத்தியைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனரிக்காரர் இப்போதும் போன் போடுகிறார். "முன்தணிக்கையில், 6 நாளாக" என்கிறேன். "ஏண்ணே 6 நாள்?" என்கிறார். அதற்குத் திரையில் பதில் இல்லை.