லாக்கர்னு காசு வாங்கி வெல்டு வச்சுக் கொடுத்த பட்டறை: பழைய ஜீப் வச்சிருக்கிறவங்க கவனத்துக்கு

கம்பம், போடி, குமுளி, நெடுங்கண்டம் பக்கம் பழைய மகிந்திரா ஜீப் வச்சு ஏலத்தோட்டத்துக்கு ஏறி இறங்குறவங்க இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. மழைக்கு முன்னாடி வண்டியை ‘ஆஃப் ரோடு செட்டப்’ பண்ணித் தர்றோம்னு சொன்ன ஒரு பட்டறைக்கு நான் 1,85,000 ரூபாய் கொடுத்தேன். சொன்ன வேலை நடக்கலைங்கிறது இதுல சின்ன விஷயம். வண்டியில இருந்த நல்ல பின் ஆக்சிலை (பின் சக்கரம் ரெண்டையும் சுத்த வைக்கிற அச்சு) ஹவுசிங்கோட, அதாவது அதோட இரும்புக் கூட்டோட கழட்டி எடுத்துக்கிட்டு, பழைய இரும்புக் கடை சரக்கு ஒண்ணை மாட்டி, மேல கறுப்புப் பெயிண்ட் அடிச்சு அனுப்பிட்டாங்க.

பட்டறை பேரை இங்க போடல. புகார் கொடுத்திருக்கேன், அது முடியட்டும். எல்லைக்கு அந்தப்பக்கம், மெட்டு ஏறினா வர்ற ஒரு டவுன். உடனே “மலையாளத்தான் ஏமாத்திட்டான்”னு ஆரம்பிச்சிராதீங்க. பட்டறைக்காரர் நம்ம ஊர்ப்பக்கத்து ஆளுதான், சுத்தத் தமிழ்ல பேசித்தான் காசு வாங்கினாரு. பின்னால எனக்கு உதவி பண்ணினதுல பாதிப்பேர் மலையாளிங்க.

வண்டி எம்.எம். 540. எங்க அப்பா ஏலத்தோட்டத்துக்குன்னு வாங்கினது. 91 இஞ்ச் வீல்பேஸ், பியூஜோ டீசல் எஞ்சின், 2112 சிசி. வேகம் கிடையாது, ஆனா லோ (மெதுவா ஓடி இழுவை கூட்டுற கியர்) போட்டு விட்டா உரமூட்டையை ஏத்திக்கிட்டு எந்த மேட்டுலயும் ஏறும். எங்க தோட்டத்துக்குக் கடைசியில ஒரு ஏத்தம் இருக்கு. ஆனி, ஆடி மழையில செம்மண் வழுவழுன்னு ஆயிரும். ஒரு பின் சக்கரம் சேத்துல வெறுமனே சுத்தும், மறு சக்கரம் கெட்டித் தரையில சும்மா நிக்கும். ரெண்டு பின் சக்கரத்துக்கும் சுத்தைப் பிரிச்சுக் கொடுக்கிற சாதாரண டிஃபரென்ஷியல் அப்படித்தான், எந்தப் பக்கம் லேசா இருக்கோ அந்தப் பக்கம் சுத்த விட்டுரும். ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுற சாமானுக்குத்தான் லாக்கர்னு பேரு. அதுல தானியங்கி வகை ஒண்ணு இருக்கு. நேராப் போகும்போது ரெண்டையும் சேர்த்துத் தள்ளும், வளைவுல வெளிப்பக்கச் சக்கரத்தை மட்டும் டக் டக்னு நழுவ விடும். எனக்கு வேண்டியது அதுதான்.

பட்டறையில பேசினது இது: பின்பக்கம் இம்போர்ட்டட் லாக்கர் 48,000. ஸ்பிரிங் பட்டை மாத்தி வண்டியைத் தூக்குறது, பவர் ஸ்டியரிங், 31 இஞ்ச் டயர் ஒரு செட், பிரேக் வேலை, இதெல்லாம் சேர்த்து மீதி. அதுக்குள்ளேயே 15,000 ரூபாய், “ஆர்.சி. புக்குல ஏத்தித் தர்றதுக்கு”. கடைசியில ஒரு இலவசம் வேற: “அடியில துருப் பிடிக்காம அண்டர்கோட் அடிச்சுத் தர்றேண்ணே, அதுக்குக் காசு வேணாம்.” அந்த இலவசம் எதுக்குன்னு பின்னால புரிஞ்சுது.

வண்டி கைக்கு வந்தப்போ பார்க்க ஜம்முன்னுதான் இருந்துச்சு. மெட்டு இறங்கும்போதே சிக்கல் தெரிஞ்சுது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணுலயும் பின் டயர் தார்ல தேய்ஞ்சு கீச்சுன்னு கத்துச்சு. ஸ்டியரிங்கை ஒடிச்சாலும் வண்டி நேராப் போகத்தான் பார்த்துச்சு. போன் போட்டுக் கேட்டேன். “லாக்கர் அப்படித்தாண்ணே, ஓட ஓட செட் ஆயிரும்”னாரு. ஏத்தத்துல இழுவை முன்ன மாதிரி இல்லையேன்னேன். “பெரிய டயர் போட்டா கொஞ்சம் குறையத்தாண்ணே செய்யும்.” ரெண்டு பதில்லயும் பாதி உண்மை இருக்கு, அதான் பேச்சு எடுபட்டுருது. 6.00-16 டயரை எடுத்துட்டு 31 இஞ்ச் போட்டா கியர் கனமாகும்தான். லாக்கர் போட்ட வண்டி வளைவுல கொஞ்சம் முரண்டு பிடிக்கும்தான். ஆனா இந்த அளவுக்கு இல்ல.

அப்புறம் தோட்டத்து ஏத்தத்துல, நாலு சக்கர லோ போட்டு பாறை மேல ஏறும்போது, அடியில டமால்னு ஒரு சத்தம். முன் ஆக்சிலுக்குச் சுத்தைக் கொண்டு போற பிராப்பல்லர் ஷாஃப்டோட கிராஸ் (மூட்டு) உடைஞ்சு, ஷாஃப்ட் தொங்கித் தரையில அடிக்குது. வண்டி பின்னால நழுவ ஆரம்பிச்சிருச்சு. கூட வந்த பையன் குதிச்சு டயருக்குக் கல் வச்சதால தப்பிச்சோம். கட்டி இழுத்துத்தான் கீழ கொண்டு வந்தோம்.

கம்பத்துல எங்க அப்பா காலத்துல இருந்து இந்த வண்டியைப் பார்க்கிற பாய் ஒருத்தர் இருக்காரு. வயசாயிருச்சு, இப்ப பட்டறை நடத்தல, பேரன் கூட வந்து பார்த்தாரு. ஜாக்கி போட்டு ரெண்டு பின் சக்கரத்தையும் தூக்கினாரு. கியரை நியூட்ரல்ல விட்டு ஒரு சக்கரத்தைக் கையால முன்னால சுத்தினாரு. மறு சக்கரமும் அதே பக்கம் சுத்துச்சு. பிறகு பேரனை மறு சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிட்டு, இவர் இந்தப் பக்கத்தை முன்னயும் பின்னயும் ஆட்டிப் பார்த்தாரு. தானியங்கி லாக்கரா இருந்தா கொஞ்சம் ஆட்டம் இருக்கும், பல் நழுவுற டக் டக் சத்தமும் கேட்கும். இங்க ஒரு நூல்கூட அசையல.

“தம்பி, இதுல லாக்கரும் இல்ல ஒண்ணும் இல்ல. உள்ள வெல்டு வச்சிருக்கான்.”

பின் மூடியைக் கழட்டினதும் நாங்களே கண்ணால பார்த்தோம். டிஃபரென்ஷியலுக்குள்ள இருக்கிற சின்னப் பல்சக்கரங்களை ஒண்ணோட ஒண்ணு வெல்டிங் வச்சு ஒட்டியிருந்துச்சு. நாலஞ்சு வெல்டிங் ராடு செலவு. அதுக்கு 48,000. ஆஃப் ரோடு போட்டிக்கு மட்டுமே ஓட்டுற வண்டியில சிலபேர் தெரிஞ்சேதான் இப்படிப் பண்ணிக்குவாங்க, அவங்க அதைத் தார் ரோட்டுல ஓட்டுறதில்ல. கொண்டை ஊசி வளைவுல வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் போகணும், உள்சக்கரம் கம்மியாப் போகணும். ரெண்டையும் ஒட்டிட்டா அந்த வித்தியாசத்தை டயர்தான் தேய்ஞ்சு தாங்கணும். டயர் வழுக்கலைன்னா ஆக்சில் ஷாஃப்ட் முறுக்குப்படும், ஒருநாள் ஒடியும். பல்சக்கரம் கடினப்படுத்தின இரும்பு, அதுல வைக்கிற வெல்டு நொறுங்குற தன்மையோடதான் இருக்கும். தெறிச்ச துண்டு ஒண்ணு கிரவுன் பினியன் (ஷாஃப்டோட சுத்தை ஆக்சிலுக்கு மாத்துற பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடி) நடுவுல மாட்டினா பின் சக்கரம் ஓட்டத்துல அப்படியே இறுகிரும். போடிமெட்டுல பதினேழு கொண்டை ஊசி வளைவு இருக்கு. அதுல எந்த வளைவுல இறுகும்னு யார் கண்டது?

அடுத்தது பாய் பல்லை எண்ணினாரு. பின் கிரவுன்ல 39, பினியன்ல 8. முன் ஆக்சில்ல 43-க்கு 8. அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கிற ரேஷியோ முன்பக்கம் 5.38, பின்பக்கம் 4.88. இந்த ஜீப்புகள் ரெண்டு ரேஷியோவுலயும் வந்திருக்கு, ஆனா ஒரே வண்டியில முன்னும் பின்னும் ஒண்ணாத்தான் இருக்கணும். எங்க வண்டியில ரெண்டும் 43-க்கு 8-ஆ இருந்ததுன்னு பாய்க்கு நல்லாத் தெரியும், ஏன்னா முன்னாடி பேரிங் மாத்தினதே அவர்தான். இப்ப நாலு சக்கரமும் போட்டா பின் சக்கரம் பத்து சுத்து சுத்தும்போது முன் சக்கரம் ஒன்பதுதான் சுத்தும். சேறுன்னா வழுக்கிச் சமாளிக்கும். பாறை மேல வழுக்க இடமில்ல, முறுக்கு முழுக்க பிராப்பல்லர் ஷாஃப்ட் மேல ஏறும். கிராஸ் உடைஞ்சது அதனாலதான். இழுவை போனதுக்கும் டயர் பாதி காரணம்னா, இந்த 4.88 மீதிக் காரணம்.

ஆக்சிலையே மாத்திட்டாங்கன்னு எப்படி உறுதியாச் சொல்றேன்? அப்பா காலத்துல பிரேக் பைப்பைத் தாங்க ஹவுசிங் மேல ஒரு சின்னப் பட்டையைக் கோணலா வெல்டு வச்சிருந்தாங்க. இலவச அண்டர்கோட்னு அடிச்ச கறுப்புப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தா அந்தப் பட்டையும் இல்ல, வெட்டி எடுத்த தழும்பும் இல்ல. பழைய வண்டியில விலை போறது இந்த மாதிரி சாமான்தான். தேயாத ஒரிஜினல் கிரவுன் பினியன், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரிக்கிற பெட்டி) கியர், ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை ஆக்சில்ல இருந்து விடுவிக்கிற சாமான்), இதெல்லாம் கடையில அந்தத் தரத்துல கிடைக்கிறது கஷ்டம். ஜீப் கட்டுறவங்க தேடித் தேடி வாங்குறாங்க. அதனால சொந்தக்காரன் எட்டிப் பார்க்காம மாசக்கணக்குல பட்டறையில கிடக்கிற வண்டி அவங்களுக்கு ஒரு சாமான் கடை மாதிரி.

தூக்கின வேலையும் அரைகுறைதான். பட்டையை உயர்த்தியிருக்காங்க, பிரேக் ஹோஸ் பழைய நீளத்துலயே இருந்துச்சு. ஒரு சக்கரம் பள்ளத்துல தொங்கினா ஹோஸ் விறைப்பா இழுத்து நிக்குது. பவர் ஸ்டியரிங்கைக் குறை சொல்ல மாட்டேன், அது நல்லாவே இருக்கு.

நேர்ல போய்க் கேட்டேன். முதல்ல “உங்க ஆக்சில்தாண்ணே அது” அப்படின்னாரு. படத்தைக் காட்டினதும் “பையன் மாத்தி மாட்டியிருப்பான்” அப்படின்னாரு. அப்ப என் ஆக்சிலைக் கொடுன்னா, அந்தப் பையன் வேலையை விட்டுட்டுப் போயிட்டானாம். பையனோட என் ஹவுசிங்கும் போயிருச்சு போல.

இனி அந்த ஆர்.சி. விஷயம். இதுலதான் நிறையப்பேர் ஏமாறுறாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதை உறுதியாச் சொல்லிருச்சு, அந்த வழக்கே கேரளாவுல இருந்து போனதுதான். பெயிண்ட் மாதிரி சில்லறை மாற்றம் வேற, அமைப்பை மாத்துறது வேற. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல, மாத்தின உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் கொடுக்கலாம்னு வச்சிருக்காங்க. பாடிக்கு வெளிய துருத்துற டயரையும் தூக்கின பட்டையையும் காசு கொடுத்தா ஆர்.சி.யில ஏத்திரலாம்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. முன்னால மாட்டுற இரும்பு பம்பரும் 2017 டிசம்பர்லயே மத்திய அரசு கூடாதுன்னு சொன்னதுதான். என் வண்டி ஆர்.சி.யில ஒரு எழுத்துகூட மாறல. தூக்கின பட்டையையும் டயரையும் இறக்கி, பழைய 6.00-16-க்கே திரும்பிட்டேன். சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு ஏறுற ஜீப்புகளை ஒருதடவை குனிஞ்சு பாருங்க. அந்த ரோட்டுல ஏறுறதுக்குத் தூக்கின பட்டையை விட ஓட்டுற கைதான் முக்கியம்.

பட்டறையில வண்டியை விடுறதுக்கு முன்னாடி: எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், ரெண்டு ஆக்சில் ஹவுசிங், எல்லாத்தையும் அழுக்கைத் துடைச்சுப் படம் எடுத்து, பட்டறைக்காரர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி வைங்க. தேதியோட அது பதிவாகும், பார்த்தாச்சுன்னு அவருக்கும் தெரியும். மறைவான இடத்துல சென்டர் பஞ்ச் (குழி போடுற கூர்முனை உளி) வச்சு ஒரு தட்டு தட்டி வைங்க, பெயிண்ட் அடிச்சாலும் குழி மறையாது. மாத்தின சாமான் எதுவானாலும் பழசை என் கையில கொடுன்னு முதல்லயே பேசிருங்க. லாக்கர் வாங்கினா டப்பாவோடும் பில்லோடும் காட்டச் சொல்லுங்க, மூடி திறந்திருக்கும்போதே போய்ப் பார்த்துட்டு வாங்க.

ரேஷியோவை வீட்டுலயே பார்க்கலாம். சாதாரண டிஃபரென்ஷியல்னா மூணு சக்கரம் தரையில இருக்கட்டும், அதுக்கெல்லாம் கல் வச்சுட்டு ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரல்ல ரெண்டு முழுச் சுத்து சுத்துங்க. பிராப்பல்லர் ஷாஃப்ட் அஞ்சேகால் சுத்தைத் தாண்டினா 5.38, அஞ்சு சுத்து முடியறதுக்குள்ள நின்னா 4.88. முன்பக்கமும் இதே மாதிரி பார்த்து, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு சரிபாருங்க.

புகார் கொடுக்கிறதைப் பத்தி நிறையப்பேருக்குத் தெரியாத ஒண்ணு. பட்டறை கேரளாவுல இருந்தாலும் அங்க போய் அலைய வேண்டியதில்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் இல்ல. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணிப் பதிவு செஞ்சுக்கலாம். எனக்குக் கொடுத்த பில் ஒரு துண்டுச் சீட்டுதான், அதுல “லாக்கர்”னு அவர் கையெழுத்துலயே இருக்கு. காசு போனதுக்கு கூகுள் பே கணக்கு இருக்கு. மூடி திறந்தப்போ பாயோட பேரன் எடுத்த வீடியோ இருக்கு. வெல்டு வச்ச கேரியரை (அந்தச் சின்னப் பல்சக்கரங்கள் இருக்கிற கூடு) தூக்கிப் போடாம துணியில சுத்தி வச்சிருக்கேன்.

கடைசியா ஒரு உதவி. கட்டப்பனை, நெடுங்கண்டம், குமுளி, கம்பம் பக்கம் யாராவது சமீபத்துல எம்.எம். 540 பின் ஆக்சில் முழுசா, 43-க்கு 8 கிரவுன் பினியனோட வாங்கியிருந்தா, இல்ல விலைக்கு வந்திருந்தா, ஹவுசிங் மேல பிரேக் பைப் போற இடத்துல கோணலா வெல்டு வச்ச சின்னப் பட்டை இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு படம் எடுத்து அனுப்புங்க. வாங்கினவர் மேல எனக்கு எந்தப் புகாரும் கிடையாது, அவர் கொடுத்த விலையைக் கொடுத்தே எடுத்துக்கிறேன்.