ஈஸ்டா, பச்சைப்பாசியா?

ஒற்றைச் செல்லைப் பலசெல் உயிராக்கும் சோதனைக்கு எதை எடுப்பது என்று சித்தூர்த் தம்பிகள் இருவர் கேட்டார்கள்.

காலம்: ஈஸ்டுக்கு 60 நாள் போதும், அமெரிக்க ஆய்வாளர் ராட்கிளிஃப் குழுவின் 2012 ஆய்வில் பத்துக் குடுவையிலும் செல்கள் ஒட்டிநின்ற கொத்து வந்தது.
கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசிக்கு ஓராண்டு ஆகும், 2019 ஆய்வில் ஐந்தில் இரண்டில்தான் வந்தது.

வேலை: ஈஸ்டை ஆட்டி நிறுத்தி, சீக்கிரம் அடியில் படிந்ததை (கொத்தானவைதான் முந்திப் படியும்) மட்டும் தினமும் புதுக் குடுவைக்கு மாற்ற வேண்டும், நம் கள்ளுக் கலயத்தில் வண்டலாக இறங்குமே, அதே ஈஸ்ட்தான். மைக்ரோஸ்கோப்பில் தாய்ச்செல்லை விட்டுப் பிரியாத மகள்செல்கள் கிளைகிளையாக நிற்கும், அவ்வளவு அழகு!
பாசிக்கு வெளிச்சம் வேண்டும், அதைத் தின்னும் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரையும் சேர்த்து வளர்க்கணும்.

மூன்று மாத ப்ராஜெக்ட் என்றால் ஈஸ்ட். கொன்றுதின்னிக்குப் பயந்துதான் செல்கள் கூடினவா என்பது உங்கள் கேள்வியென்றால், சரி, பாசியோடு ஒரு வருஷம் உட்காருங்கள்.