லீவில் வந்து நாடகம் பார்ப்பவர்களுக்கு: சபா டிராமாவும் விடிய விடிய வள்ளி திருமணமும்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் ஃபிளைட் டிக்கெட் போட்ட கையோடு கேட்பது, "சென்னையில இப்ப என்ன டிராமா ஓடுது?" இதற்கு நேர் பதில் கிடையாது. லண்டனில் ஒரு நாடகம் ஒரே தியேட்டரில் மாதக்கணக்கில் நடக்கும். எந்தக் கிழமை போனாலும் பார்க்கலாம். சென்னையில் நாடகம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இந்தச் சனிக்கிழமை நாரத கான சபாவில் போட்ட குழு, பத்து நாள் கழித்து வாணி மகாலில் போடும், அதன் பிறகு மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸில். நடுவே ஒரு மாதம் சும்மாவும் இருக்கும்.

காரணம் காசு எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. சபா என்பது உறுப்பினர்களுக்காக நிகழ்ச்சி நடத்தும் சங்கம், வருடச் சந்தா வாங்குகிறது. அதற்கு ஈடாக உறுப்பினர்களுக்கு மாதம் ஒன்றிரண்டு நிகழ்ச்சி தர வேண்டும். குழுவிடம் ஒரு தொகை பேசி ஒரு மாலையை வாங்கிவிடுகிறது. அந்த சபாவின் உறுப்பினர்கள் ஒருமுறை பார்த்துவிட்டால் அங்கே அந்த நாடகத்தின் வேலை முடிந்தது. வெளியாளுக்கு டிக்கெட் விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற கட்டாயம் சபாவுக்கு இல்லாததால் விளம்பரமும் பெரிதாக வராது. அரங்கின் பெயரை வைத்துத் தேடுவதை விட்டுவிட்டு, பார்க்க நினைக்கும் குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பின்தொடருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் தேதி அங்கேதான் வரும்.

டிசம்பரை நம்பி வராதீர்கள். மார்கழி சீசனில் மேடையெல்லாம் கச்சேரிக்கும் பரதநாட்டியத்துக்கும் போய்விடும். நாடகம் கிடைத்தாலும் நேரம் சுருங்கியிருக்கும். நாடகத்துக்கு மாதம் என்றால் சித்திரை, வைகாசி. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழாவில் அந்த வருடத்துப் புது நாடகங்கள் வரிசையாக அரங்கேறும், பரிசும் உண்டு. ஆனால் அரங்கேற்றம் என்பதால் வசனம் தடுமாறும், சீன் மாற்றும்போது சோபா இருட்டில் எங்கேயாவது இடித்துக்கொள்ளும், முடிவு ஒரு சீன் நீண்டுவிடும். அதே நாடகத்தை ஆடி, ஆவணியில் பார்த்தால் கால் மணி நேரம் குறைந்து இறுகியிருக்கும். புதிதைப் பார்த்தேன் என்ற பெருமை வேண்டாம் என்றால் ஜூலைக்குப் பிறகு வருவது லாபம்.

டிக்கெட் விஷயம். சில காட்சிகள் புக்மைஷோவில் வரும். பலவற்றுக்கு வாசலில் மேஜை போட்டு விற்பார்கள். வெளிநாட்டு கார்டு ஆன்லைனில் பாதி நேரம் நிராகரிக்கப்படும். வாசல் மேஜையில் கார்டு மெஷின் இருக்காது. யுபிஐ அல்லது ரொக்கம்தான். என்ஆர்இ, என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கி) கணக்கு வைத்திருப்பவர்கள் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் சிலவற்றின் செல் எண்ணை வைத்தே யுபிஐ இணைக்க 2023 முதல் வழி உண்டு. எண் வங்கியில் பதிவாகியிருக்க வேண்டும், அதை அங்கிருக்கும்போதே முடித்துவிட்டு வாருங்கள். போன தடவை மீந்த 2,000 ரூபாய்த் தாளைப் பர்ஸில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; 2023 மே மாதமே ரிசர்வ் வங்கி அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது, வாசலில் யாரும் தொடமாட்டார்கள்.

மாலை 6.30, 7 மணிக்குத் தொடக்கம் என்றால் பெரும்பாலும் சொன்ன நேரத்துக்கே திரை தூக்கிவிடுவார்கள். உறுப்பினர்கள் வயதானவர்கள், ஒன்பது மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். முன் வரிசைகள் நன்கொடையாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒதுக்கியது. ஆறாவது வரிசைக்கும் பத்தாவது வரிசைக்கும் நடுவே, பக்கவாட்டு ஸ்பீக்கரிலிருந்து தள்ளி உட்காருங்கள். ஏசி காற்று நேரே விழும் இடத்தில் சால்வை இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது.

சபா நாடகத்தில் நடிகர்கள் ஏன் எப்போதும் மேடை முன்னால் வந்து வரிசையாக நின்றே பேசுகிறார்கள் என்று வெளிநாட்டில் நாடகம் பார்த்துப் பழகியவர்கள் கேலி செய்வதுண்டு. மேலே பார்த்தால் பதில் தெரியும். மேடையின் முன் விளிம்புக்கு மேலே கம்பியில் ஐந்தாறு மைக் தொங்கும். அதற்குக் கீழே நின்றால்தான் குரல் கடைசி வரிசைக்குப் போகும். நாலடி பின்னால் போனால் வசனம் காற்றில். அந்த மைக் வரிசைதான் இத்தனை வருடமாக டைரக்டர். காலர் மைக் மாட்டும் குழுக்கள் இப்போது அதிகம். நடிகர்கள் மேடையின் ஆழம் வரை நடமாடுகிறார்கள், சோபாவில் சாய்ந்து பேசுகிறார்கள். பதிலுக்கு வேறு தொல்லை: அங்கவஸ்திரம் உரசினால் கரகர சத்தம், இரண்டு பேர் கட்டிப்பிடித்தால் குரல் இரட்டிப்பு, உள்ளே போனவர் மைக்கை அணைக்க மறந்தால் சைடில் பேசும் பேச்சு அரங்குக்கே கேட்கும். ஒலியைக் கவனிக்கும் ஆள் கையில் வசனப் பிரதி இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இருந்தால் அன்றைய மாலை பிழைத்தது.

எதைப் பார்ப்பது? சிரிக்க வேண்டும் என்றால் கிரேஸி கிரியேஷன்ஸ். கிரேஸி மோகன் 2019 ஜூன் 10 அன்று மறைந்த பிறகும் தம்பி மாது பாலாஜி பழைய நாடகங்களைத் தொடர்ந்து மேடையேற்றுகிறார். நாயகன் மாது, நாயகி ஜானகி. கதை ஒரு சாக்கு. ஜோக் மேல் ஜோக் விழுவதால் முதல் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். இரண்டாவது தடவை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் வருவதற்கு அதுவே காரணம், முதல் தடவை காதில் விழாதவை அவ்வளவு. சொல் விளையாட்டை நம்பிய நகைச்சுவை பழசாவதில்லை. அன்றைய மந்திரியை வைத்துச் செய்த ஜோக் ஐந்து வருடத்தில் செத்துப்போகும். அரசியல் நையாண்டி நாடகங்களை மறுபடி போடும் குழுக்கள் இதை யோசிக்காமல் வசனத்தை அப்படியே சொல்லும்போது கூட்டம் மரியாதைக்குக் கைதட்டுகிறது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் இந்த சொல் விளையாட்டு அவர்களுக்குப் பாதிகூடப் போய்ச் சேராது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளாக இருந்தாலும்தான். அவர்களுக்குக் கதையும் ஆட்களும் தெரிகிற நாடகம் நல்லது. ஒய்.ஜி. மகேந்திராவின் யுஏஏ குழு (1952-லிருந்து இயங்குவது) போடும் 'சாருகேசி', நினைவு தப்பும் கர்நாடக வித்வானைப் பற்றியது. தாத்தா பாட்டி உள்ள குடும்பத்தோடு பார்க்கலாம். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980-ல் மேடைக்கு வந்தது, அடுத்த வருடம் படமானது. அவர் மகள் தாரிணி கோமல் அதை மறுபடி மேடையேற்றினார். தண்ணீருக்கு அலையும் ஊரின் கதை என்பதால் எந்தக் கோடையிலும் புதுசாகத்தான் இருக்கிறது. மீண்டும் எப்போது போடுவார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பேச்சு நாடகம். பாட்டோடு கூடிய நாடகம், அதுவும் நூறு வருடத்துப் பிரதி இன்னும் உயிரோடு நடப்பது வேண்டும் என்றால் சென்னையில் தேடாதீர்கள். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கம் போங்கள். ஸ்பெஷல் நாடகம் அங்கேதான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் ஆகியவை கோயில் திருவிழாவில் இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும். டிக்கெட் கிடையாது, காசு ஊர் வரியிலிருந்தும் நேர்த்திக்கடனாகவும் வருகிறது. மாசியில் சூடு பிடித்து, பங்குனி, சித்திரை, வைகாசியில் உச்சம், ஆடி தாண்டினால் குறையும்.

இதில் குழு என்பதே கிடையாது. விழாக் கமிட்டி ராஜபார்ட் (நாயகன் வேஷம்) ஒருவரை, ஸ்திரீபார்ட் (நாயகி வேஷம்) ஒருவரை, நாரதரை, பபூனை (கோமாளி), டான்ஸ் ஆடுபவரைத் தனித்தனியாக ஏஜென்ட் மூலம் அட்வான்ஸ் கொடுத்து அமர்த்துகிறது. ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாள வாத்தியங்களை ஒருவரே வாசிப்பது) மூவரும் அப்படியே. ஒத்திகை இல்லை. அன்றிரவு மேடைக்குப் பின்னால்தான் சந்திக்கிறார்கள். எல்லோருக்கும் பிரதி மனப்பாடம் என்பதால் யார் யாரோடு சேர்ந்தாலும் நாடகம் நடக்கும். ஆனால் நன்றாக நடக்குமா என்பது ஜோடியைப் பொறுத்தது. அதனால் நோட்டீஸைப் படிக்கத் தெரிய வேண்டும். சுவரில் ஒட்டிய நோட்டீஸில் ஒவ்வொரு நடிகரின் படமும், பெயரும், ஊரும், எந்த வேஷம் என்பதும் இருக்கும். நாடகத்தின் பெயரைப் பார்த்துப் போகாதீர்கள். வள்ளியும் வேலனும் யார், நாரதர் யார் என்று பாருங்கள். பெயரை யூடியூபில் போட்டால் ஊர்க்காரர்கள் ஏற்றிய முழு இரவுப் பதிவுகள் கிடைக்கும். தர்க்கக் காட்சியைப் பத்து நிமிடம் கேட்டாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

அந்தத் தர்க்கத்துக்காகத்தான் ஜனங்கள் விழித்திருக்கிறார்கள். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடி முடித்ததும் நாரதர் வருவார், பிறகு வேடனாக வேலன். பாட்டு சுவாமிகளுடையது, நடுவே வரும் கேள்வியும் எதிர்க்கேள்வியும் அந்த இடத்திலேயே எழுவது. ஒருவர் திருப்புகழிலிருந்து ஒரு வரி எடுத்துப் பொருள் கேட்பார், மற்றவர் திருக்குறளால் மடக்குவார். பதில் தெரியாத வள்ளி பாட்டுக்குள் ஓடி ஒளிவதும் நடக்கும், கிழவர்கள் உடனே கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். ஆர்மோனியக்காரரின் கையைக் கவனியுங்கள். ராஜபார்ட்டின் கட்டை வேறு, ஸ்திரீபார்ட்டின் கட்டை வேறு. இவர் முடித்த மூச்சில் அவர் தொடங்கும்போது சுருதியை மாற்றி எடுத்துக் கொடுத்து, கூடவே பின்பாட்டும் பாடுகிறார். அவர் சரியில்லை என்றால் நல்ல பாடகியும் கத்துகிற மாதிரித்தான் கேட்கும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1920-களில் கொழும்பில் சேர்ந்து பாடிய மேடையின் வாரிசு இதுதான். சென்னையில் 'இசை நாடக மறுமலர்ச்சி' என்று இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுவதில் முதலில் வெட்டப்படுவது இந்தத் தர்க்கம். அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது பாட்டுக் கச்சேரி.

நேரக் கணக்கு: பத்து மணிக்குப் போனால் வாத்தியக்காரர்கள் மட்டும் இருப்பார்கள். பிறகு பபூன் தனியாக, அதன் பிறகு பபூனும் டான்ஸும். இந்தப் பகுதியில் இரட்டை அர்த்தப் பேச்சு தாராளம். பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் நெளிய வேண்டிவரும். கதை தொடங்க நள்ளிரவு ஆகும். பிள்ளைகளோடு வருகிறவர்கள் சாயங்காலம் தூங்க வைத்துப் பன்னிரண்டு மணிக்குக் கூட்டி வந்தால் தூக்கமும் தொல்லை தராது, இரட்டை அர்த்தப் பேச்சும் காதில் விழாது.

போவதற்கு முந்தைய நாள் ஊர்க்காரர் ஒருவரிடம் கட்டாயம் உறுதி செய்துகொள்ளுங்கள். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் போலீஸ் அனுமதியைப் பொறுத்து நேரம் முன்னே தள்ளப்படலாம், நாடகமே ரத்தாகலாம். மழை பெய்தாலும் ரத்து. தேர்தல் நடக்கும் மாதங்களில் இரவு நாடகத்தை நம்பிப் பயணத் திட்டம் போட வேண்டாம்.

கையில் கோரைப்பாய் ஒன்று, போர்வை, கொசுவர்த்தி, தண்ணீர். நாற்காலி போட்டால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு மறைக்கும். கீழேதான் உட்கார வேண்டும். பல ஊர்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். டீயும் சுக்குக் காபியும் வேர்க்கடலையும் கிடைக்கும், கழிப்பறை கிடைக்காது. தங்கும் டவுனிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். படம் எடுக்கக் கமிட்டியிடம் கேளுங்கள், ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். பாட்டு பிடித்துப்போய் அன்பளிப்பு கொடுக்க நினைத்தால் நூறோ ஐந்நூறோ ரூபாயோடு, ஒரு துண்டுச் சீட்டில் பெயர், ஊர் எழுதிக் கமிட்டியிடம் கொடுத்தால் மைக்கில் வாசிப்பார்கள். நடிகையின் கையில் நேரே திணித்து செல்ஃபி கேட்பது அசிங்கம். வெளிநாட்டுக்காரர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள் என்று கலைஞர்களே சலித்துக்கொள்கிறார்கள்.

காரை இரவு முழுவதும் பேசும்போது டிரைவர் பேட்டாவை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளிய ஊரென்றால், அவர் வண்டியில் நாலு மணி நேரமாவது தூங்கட்டும். நாடகம் பார்க்க அவரையும் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். வேலனுக்கும் வள்ளிக்கும் கல்யாணம் முடிய ஐந்தரை ஆகும், திரும்பும் சாலையில் தூங்கி வழியும் டிரைவர்கள் நிறைய.