வீட்டின் முதல் கார்: லெவினா, அல்டோவா, 110 ஆ?

அக்காவின் மகன் கடந்த ஆண்டு சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தான். வேலை கிளிநொச்சியில், வீடு விசுவமடுவில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து இறங்கி ஒரு கிலோமீற்றர் வரை கிரவல் ஒழுங்கையால் உள்ளே போக வேண்டும். தன் சேமிப்போடு கனடாவில் இருக்கும் பெரியப்பா தருவதாகச் சொன்ன பணத்தையும் சேர்த்துக் கார் வாங்குவதென்று தீர்மானித்தபோது அவன் மனத்தில் ஒரே ஒரு கார்தான் நின்றது: வவுனியாவில் விற்பனைக்கு இருந்த, பல மாற்றங்கள் செய்யப்பட்ட, 1998ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா லெவின். "மாமா, ஒருக்கா வந்து பாருங்கோ. பார்த்தால் நீங்களும் ஓமெண்டுவியள்" என்று கூப்பிட்டான். போனேன். அதே வாரத்தில் கிளிநொச்சியில் ஓர் ஆசிரியர் விற்கவிருந்த அல்டோவையும், பரந்தனில் நின்ற கொரோலா 110 ஒன்றையும் அவனோடு சேர்ந்து பார்த்தேன். கீழே எழுதுவது அந்த மூன்றையும் பற்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். வன்னியில் ஓர் இளைஞன் வாங்கும் முதல் கார் பெரும்பாலும் அந்த வீட்டுக்கே முதல் கார். அவன் வேலைக்குப் போய்வருவதோடு அதன் கடமை முடிவதில்லை. இரவு இரண்டு மணிக்கு அம்மம்மாவுக்கு மூச்சு இழுத்தால் கிளிநொச்சி வைத்தியசாலைக்கு ஓடுவதும், அங்கிருந்து யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னால் ஆனையிறவு தாண்டிப் போவதும், அறுவடைக் காலத்தில் இரண்டு மூட்டை நெல்லை ஏற்றுவதும், சித்தியின் பிள்ளைகளை வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கூட்டிப்போவதும் அதே கார்தான். எனவே ஓட்டுகிறவனுக்கு எது பிடிக்கிறது என்பதோடு, பின் ஆசனத்தில் இருக்கப் போகிறவர்களுக்கு எது பொருந்தும் என்பதையும் வைத்தே ஒப்பிட்டேன்.

லெவினைக் குறைத்து எழுத எனக்கு மனம் இல்லை. அது அருமையான கார். அதன் 4ஏ-ஜிஈ எஞ்சின் 1,587 சீசீ கொண்டது. நான்கு சிலிண்டர்களுக்கு 20 வால்வுகள். நிமிடத்துக்கு 7,800 சுற்றில் 165 குதிரைவலு தருவதாக ரொயோட்டா குறிப்பிட்ட எஞ்சின் அது. காரின் எடையோ ஒரு தொன்னைச் சற்றே தாண்டியது. கியர் கையால் போடுவது. கிளட்சுக்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவை ஒரு புதிய சாரதிக்கு இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் வாகனம் குறைவு. அத்தோடு பலர் கவனிக்காத ஓர் உண்மையும் உண்டு: இந்த லெவினும் எங்கள் ஊர்களில் வாடகைக்கு ஓடிக் களைத்த கொரோலா 110 உம் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. 110 இன் 1,498 சீசீ எஞ்சின்கூட அதே 'ஏ' குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதால்தான், ஒன்றை விட்டு மற்றதை எடுக்கும்படி நான் சொன்னதற்கு, தயாரித்த நிறுவனம் செய்ததைவிடப் பிறகு வந்த கைகள் செய்ததே காரணமாயிற்று.

மாற்றம் செய்வதே பிழை என்று சொல்ல வன்னியில் யாருக்கும் வாய் வராது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஒரு துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பிப் பிறகு மண்ணெண்ணெய்யில் ஓடவைத்தவர்கள் எங்கள் மெக்கானிக்குகள். ஓஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் அப்படித்தான் நோயாளிகளையும் பிணங்களையும் திருமண வீட்டாரையும் சுமந்தன. அந்த மாற்றங்களில் ஒவ்வொரு குழாயும் எதற்காகப் போடப்பட்டது என்பது ஓட்டியவருக்குத் தெரியும். பழுதானால் போட்ட கையே வந்து திருத்தும். பாவித்த காரை மாற்றங்களோடு வாங்குகிறவனுக்கு இந்த இரண்டும் கிடைப்பதில்லை. நாலைந்து உரிமையாளர்கள் நாலைந்து காலங்களில் எடுத்த முடிவுகளை, அவற்றின் காரணம் தெரியாமலே, அவன் விலை கொடுத்து வாங்குகிறான்.

வவுனியாவில் அந்தக் காரை ஜக்கில் உயர்த்திப் பார்த்தோம். வெளியே மினுங்கிய நீலப் பூச்சுக்கும் அடியில் கண்டதற்கும் தொடர்பே இல்லை. காரின் உயரத்தைத் தாழ்த்துவதற்காக முன் ஸ்பிரிங் இரண்டையும் கிரைண்டரால் ஒன்றரைச் சுற்று அளவுக்கு வெட்டியிருந்தார்கள். வெட்டிய முனை சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தது. சக்கரம் நிலத்தை விட்டு எழுந்ததும் ஸ்பிரிங் தன் இருக்கையில் நில்லாமல் ஆடியது; விரலால் தள்ள அசைந்தது. பெரிய கிடங்கு ஒன்றில் சக்கரம் தொங்கி மீண்டும் இறங்கும்போது அந்த ஸ்பிரிங் சரியான இடத்தில் வந்து குந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஷொக் அப்சோபரின் தடுப்பு இறப்பர் நொறுங்கியிருந்தது. ரயரின் வெளிப்பக்கம் புதிது போல இருக்க, உட்பக்கம் கம்பி தெரியத் தேய்ந்திருந்தது. தாழ்த்திய காரின் சக்கரக் கோணத்தைச் சீர்செய்யாமல் ஓடினால் வரும் தேய்வு அது. சைலன்சர் குழாயின் அடிப்பாகம் வீதியில் உரசி உரசித் தட்டையாகியிருந்தது.

உள்ளே ஏறிப் பார்த்தபோது எனக்குக் கவலை இன்னும் கூடியது. சிறிய, தடித்த ஸ்டியரிங் வளையம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். பழைய வளையத்தோடு சாரதியின் ஏர்பேக்கும் போய்விட்டது. சாவியைத் திருப்பினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அந்தக் காரில் அது எரியவே இல்லை. யாரோ அந்த விளக்கைக் கழற்றியிருக்கிறார்கள். ஏர்பேக் இல்லாத கார்கள் எங்கள் வீதிகளில் நிறைய ஓடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் இல்லாததை வாங்குகிறவன் கண்ணிலிருந்து மறைக்க ஒருவர் நேரம் ஒதுக்கியிருக்கிறார் என்றால், அதே கை வேறு எதையெல்லாம் மறைத்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. பொனற்றைத் திறந்து எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டோம், பொருந்தவில்லை. "அது பிறகு மாத்தலாம் தம்பி" என்றார் விற்க வந்தவர். மாற்றலாம்தான், மாற்றப்பட்ட எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான பத்திரங்களோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டியவர் அவர் அல்லர்.

அல்டோவின் கதை சுருக்கமானது. 796 சீசீ, மூன்று சிலிண்டர், ஒரே உரிமையாளர், ஒழுங்காக எண்ணெய் மாற்றிய குறிப்புகள். எரிபொருளுக்கும் உதிரிப்பாகத்துக்கும் அதை வெல்ல ஒன்றுமில்லை; கிளிநொச்சியின் எந்தக் கராஜிலும் அதன் பாகங்களைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் பெரியவர்கள் வழமையாகச் சொல்வதுபோல "பிள்ளைக்குச் சின்னக் கார்தான் பாதுகாப்பு" என்று என்னால் சொல்ல முடியாது. 2014இல் குளோபல் என்கப் அமைப்பு ஏர்பேக் இல்லாத இந்திய அல்டோ 800ஐ மோதிப் பரிசோதித்தபோது பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அதற்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. ஏ9 வீதியில் எதிரே வருபவை கடுகதி பஸ்களும் மணல் டிப்பர்களும் என்பதை நினைத்தால், மெதுவாக ஓடும் கார் எல்லாம் பாதுகாப்பான கார் என்று ஒரு தாய்க்குச் சொல்ல மனம் ஒப்பவில்லை.

பரந்தனில் நின்ற 110 பார்வைக்கு எந்தக் கவர்ச்சியும் இல்லாதது. வெள்ளை நிறம், பின் கதவில் ஒரு சொட்டை, ஆசன உறை கிழிந்திருந்தது. எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் புத்தகத்தோடு பொருந்தின. முன்னால் இரண்டு பக்கமும் ஏர்பேக். எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைந்தது. கியர் கையால் போடுவது. அடியில் துரு இருந்தது, ஆனால் வெல்டிங் இல்லை. ஓட்டிப் பார்த்தபோது முன் பக்கம் கிடங்குகளில் "டொக் டொக்" என்றது. சக்கரத்தைத் தாங்கும் இணைப்புகளில் உள்ள இறப்பர் புஷ் தேய்ந்த சத்தம்.

இனி மூன்றையும் எங்கள் நிலத்தில் வைத்துப் பார்ப்போம். லெவினின் ரயர் 205/45, றிம் 17 அங்குலம். அதாவது றிம்முக்கும் வீதிக்கும் இடையே உள்ள இறப்பர்ச் சுவர் 92 மில்லிமீற்றர் மட்டுமே. அல்டோவின் 145/80 ரயரில் அது 116. நாங்கள் பார்த்த 110 இன் 175/70 ரயரில் 122. கார்ப்பெற் வீதியில் இந்த வித்தியாசம் வளைவில் நிற்கும் உறுதியாகத் தெரியும். கிரவல் ஒழுங்கையில் அது வளைந்த றிம்மாகவும் முதுகு நோவாகவும் வந்து சேரும். விசுவமடு ஒழுங்கையின் நடுவே உழவு இயந்திரச் சக்கரங்களுக்கு இடையில் மேடு ஒன்று எழுந்திருக்கிறது. வெட்டிய ஸ்பிரிங்கோடு நான்கு பேர் ஏறினால் லெவினின் வயிறு அந்த மேட்டில் குந்தும். பின் ஆசனத்துக்கு முன் கதவால்தான் ஏற வேண்டும் என்பதால், முழங்கால் நோவுள்ள அம்மம்மாவை அதற்குள் ஏற்றுவதை நான் நினைத்துப் பார்க்கவும் இல்லை.

மாரியை மறக்கக்கூடாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த அளவு வராத ஆண்டுகளிலும் மதகுகளுக்கு மேலால் தண்ணீர் பாயும் நாட்கள் உண்டு. அந்த லெவினில் காற்று வடியைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்து, குளிர்ந்த காற்றுக்காக முன் பம்பரின் கீழ் மூலையில் பொருத்தியிருந்தார்கள். பம்பர் உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் அமுங்காது, பிஸ்ரன் தண்டு வளையும், எஞ்சின் அத்தோடு சரி. கோடையில் அதே வடி கிரவல் தூசிக்கு நேரே வாய் திறந்து நிற்கும். பந்தயத் தளத்துக்குப் பொருந்தும் அந்த மாற்றம் வயலும் குளமும் சூழ்ந்த ஊரில் காருக்குப் பகை.

எரிபொருட் கணக்கை நான் 2022ஐக் கொண்டே பார்ப்பவன். அந்த ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கும் 95 ஒக்டேன் 550 ரூபாவுக்கும் போனது. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். இவனுடைய வேலைப் பயணம் மட்டும் வாரத்துக்கு 200 கிலோமீற்றர். லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும் காரால் 20 லீற்றரில் 180 கிலோமீற்றர்தான் முடியும். 12 ஓடினால் 240. 18 ஓடும் அல்டோவில் 360. அப்படியொரு காலம் திரும்பி வரக்கூடாது என்றே எல்லோரும் வேண்டுகிறோம், ஆனால் கார் வாங்கும்போது அதை நினைவில் வைத்திருப்பது நல்லது. அத்தோடு 11க்கு 1 என்ற அமுக்க விகிதம் கொண்ட அந்த 20 வால்வு எஞ்சின் உயர் ஒக்டேன் பெற்றோலுக்கென்றே செய்யப்பட்டது. எங்கள் பக்கத்து எல்லாப் பெற்றோல் செட்களிலும் 95 கிடைப்பதில்லை. 92 ஐ ஊற்றி இழுத்தால் எஞ்சின் தட்டத் தொடங்கும்.

வலு பற்றி இவன் கேட்டதற்கு ஒரு பதில்தான் இருந்தது. எங்கள் வீதிகளில் காருக்கு உரிய உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர்; ஊர்மனைக்குள் 50. அந்த எஞ்சின் உயிர் பெறும் சுற்றுக்குப் போனால் இரண்டாம் கியரிலேயே 70 தாண்டிவிடும். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையிலான நேர் வீதி இரவில் எவ்வளவு ஆசை காட்டும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதே வீதியில்தான் பகல் சூடு ஆறாத தாரில் மாடுகள் படுத்திருக்கின்றன. பின் விளக்கே இல்லாத லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் வைக்கோலோடு போகிறது. லெவினுக்குப் பூட்டியிருந்த எல்ஈடி விளக்கு, அதற்கென அமைக்கப்படாத பழைய கண்ணாடிக்குள் இருந்ததால், எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைத்துத் தன் வீதியைச் சரியாகக் காட்டாமல் சிதறியது. அனுபவமுள்ள கைக்கே அது ஆபத்து. ஆறு மாத அனுபவத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

விலையில் லெவினுக்கும் 110க்கும் பெரிய இடைவெளி இருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய கார்கள் எல்லாமே ஏறின. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தும், வரிகளால் புதியவை எட்டாத உயரத்திலேயே நிற்கின்றன. வித்தியாசம் வாங்கிய பின்னர்தான். அந்த லெவினைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவர ஸ்பிரிங், ஷொக், நான்கு ரயர், றிம், ஸ்டியரிங், வயரிங் எல்லாம் வேண்டும். மாற்றங்களைச் சொல்லாமல் முழுக் காப்புறுதி எடுத்தால் விபத்தன்று இழப்பீடு மறுக்கப்படலாம். சொன்னால் கட்டணம் கூடும், அல்லது முழுக் காப்புறுதியே கிடைக்காமல் போகலாம். ஹொண்டா சீஆர்-இசட் ஒன்றையும் இவன் இடையில் காட்டினான். அதன் பின் ஆசனம் பைகளுக்கே போதும், ஹைபிரிட் பற்றறியின் வயதும் தெரியவில்லை என்பதால் அதைப் பார்க்கப் போகவே இல்லை.

மூன்றில் எடுக்க வேண்டியது 110 என்று சொன்னேன். லெவின் மீதான ஆசையை விடச் சொல்லவில்லை. யாரும் கை வைக்காத லெவின், எஞ்சின் இலக்கம் பொருந்துவதாக, சுப்பர் ஸ்ட்ரட் என்ற சிக்கலான முன் அமைப்பு இல்லாததாக வந்தால், நாலைந்து வருடங்களுக்குப் பிறகு இரண்டாவது காராக எடுக்கலாம். அப்போது மாற்ற விரும்புவதைத் தானே தெரிந்து மாற்றலாம். இரண்டு நாட்கள் அவன் என்னோடு அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் 110க்கு முற்பணம் கொடுத்துவிட்டு வந்து, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எப்போது போகலாம் என்று கேட்டான். முன் புஷ்களுக்குக் கிளிநொச்சியிலேயே சாமான் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை காலையில் கழற்றிப் போடுகிறோம்.