பழைய பந்தயக் காருக்கு எண்: தூரிகையா, ஸ்டிக்கரா?

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்துப் பட்டணத்தில் பழைய மினியையோ எஸ்கார்ட்டையோ பந்தயக் கோலத்துக்குத் திருப்பினால், கடைசியில் இந்தக் கேள்வி வரும்: கதவில் எண்ணை எழுதுவதா, ஒட்டுவதா?

என் ஓட்டு தூரிகைக்குத்தான். கணினியில் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் பரவியதே 1980களில்தான். அதற்கு வெகு முன்பே, 1955இல் இத்தாலியின் மில்லே மில்லியா சாலைப் பந்தயத்தில் ஸ்டிர்லிங் மோஸ் வென்ற மெர்சிடிஸின் 722, காலை 7.22க்குப் புறப்பட்டதைக் குறித்த எண். 1968இல் மலேசியாவின் பத்து தீகா கார்ப் பந்தயத் தடம் திறந்த காலத்துக் காரில், பிளேடால் அறுத்த விளிம்போடு ஓர் எண் நின்றால் கண்ணை உறுத்தும்.

கையால் எழுதிய எண்ணைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். 2இன் கழுத்தில் தூரிகை திரும்பிய இடத்தில் சாயம் கொஞ்சம் தடித்திருக்கும். வெள்ளை வட்டத்தின் மேல் கறுப்பு இரண்டாம் முறை ஓடிய தடம் சாய்வெயிலில் தெரியும். அந்த உயிர் ஸ்டிக்கரில் கிடையாது.

ஆளுக்கு எங்கே போவது என்கிறீர்களா? லாரிக் கதவில் எடைக் கணக்கு எழுதும் அண்ணன்மாரைக் கேளுங்கள். சுண்ணக்கட்டிக் கோடும் கையைத் தாங்க ஒரு கோலும் அவர்களுக்குப் போதும். அந்தக் காலப் படத்தை மட்டும் கையில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லாரி எழுத்துதான் வந்து உட்காரும்.

தூரிகையால் எழுதும் எனாமல் காற்றுபட்டு மெதுவாக இறுகும் சாயம். நம் ஊர் ஈரத்தில் இன்னும் தாமதமாகும். அதனால் காலையிலேயே, கூரைக்குக் கீழே எழுத வேண்டும். பழைய மெழுகுப் பாலிஷைச் சுத்தமாகத் துடைக்காவிட்டால் சாயம் பிடிக்காது.

ஸ்டிக்கர் மலிவு, மதியத்துக்குள் வேலை முடியும். ஆனால் வெயிலில் பல மாதம் வெந்த பசை, உரிக்கும்போது பழைய செல்லுலோஸ் சாயத்தையும் சேர்த்துப் பிய்த்துவிடலாம். புதுச் சாயம் நன்றாகக் காயுமுன் ஒட்டினால் குமிழி கிளம்பும்.

எண்ணைத் தாங்கிய காந்தத் தகடு என்றால், அது இரும்புக் கதவில்தான் நிற்கும். அலுமினியத்திலும் கண்ணாடியிழையிலும் நிற்காது. அடியில் ஈரம் தங்கும், ஓட்டம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஒரே நாள் ஓட்டத்துக்கு எண் மாறுமானால் கழுவினால் போகும் போஸ்டர் சாயம் நல்லது. மழை வந்தால் எண்ணும் போய்விடும். அதனால் டப்பாவையும் தூரிகையையும் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.