டாக்ஸ் கிரெடிட் வீடா, செக்‌ஷன் 8 கட்டடமா?

அமெரிக்க நகரங்களில் வாடகை வீடு தேடும்போது "குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு" என்ற ஒரே வரியோடு இரண்டு வகைக் கட்டடங்கள் விளம்பரத்தில் வரும். ஒன்று டாக்ஸ் கிரெடிட், அதாவது கட்டியவருக்கு வரிச்சலுகை தந்து வாடகைக்கு உச்சவரம்பு வைத்த கட்டடம். இன்னொன்று செக்‌ஷன் 8, அதாவது வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டும் கட்டடம். இரண்டிலும் விண்ணப்பித்தோம். டாக்ஸ் கிரெடிட் வீடு முதலில் கிடைத்தது. பதினான்கு மாதம் அங்கே இருந்துவிட்டு, இப்போது செக்‌ஷன் 8 கட்டடத்தில் இருக்கிறோம்.

வீடு என்று பார்த்தால் டாக்ஸ் கிரெடிட் கட்டடம் புதிது, சமையலறையும் பெரிது. காத்திருப்பும் குறைவாக இருந்தது. ஆனால் வாடகையை யாருடைய வருமானத்தை வைத்துப் போடுகிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

டாக்ஸ் கிரெடிட் 1986 வரிச் சட்டத்தில் வந்த திட்டம். அங்கே உச்ச வாடகை அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்திலிருந்து (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேல், பாதி அதற்குக் கீழ்) வருகிறது. பெரும்பாலும் அதில் 60 சதவீதம் வருமான வரம்பு, அந்த வரம்பில் 30 சதவீதம் உச்ச வாடகை. வரம்பு ஆண்டுக்கு 60,000 டாலர் என்று வையுங்கள். மின்சாரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து மாதம் 1,500 டாலர் வரை போகலாம். உங்கள் கையில் வருவது 2,000 டாலராகக் குறைந்தாலும் அதே 1,500தான். என் கணவருக்கு வேலை நேரத்தைக் குறைத்தபோது இது எங்கள் கழுத்தைப் பிடித்தது.

செக்‌ஷன் 8 கட்டடத்தில் உங்கள் சொந்த வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கான கழிவு போக மிஞ்சுவதில் சுமார் 30 சதவீதம். அதே 2,000 டாலருக்கு 600 அல்லது அதற்கும் கீழே. வருமானம் விழுந்தால் பே ஸ்லிப்போடு எழுதிக் கொடுத்து வாடகையைத் திருத்தச் சொல்லலாம். ஏறினால் வாடகையும் ஏறும், மறைத்தால் பின்னால் கட்ட வேண்டிவரும். வீட்டை விட்டுப் போனால் பொதுவாகச் சலுகை உங்களோடு வராது. வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்த உதவி கிடையாது.

சம்பளம் நிலையாக இருந்து, ஏறவும் போகிறது என்றால் டாக்ஸ் கிரெடிட் நல்லதுதான். பிறகு வரம்பைத் தாண்டினாலும் அதற்காக வெளியேற்றுவதில்லை. மணிக்கணக்குக் கூலியில் ஓடும் குடும்பம் என்றால் செக்‌ஷன் 8 கட்டடத்துக்குக் காத்திருப்பதே மேல் என்பேன்.

செக்‌ஷன் 8 உதவி வவுச்சராகவும் வரும்; அதை நாமே தேடும் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அந்த வவுச்சரை வைத்துக்கொண்டு நான் வீடு தேடியதில்லை. பல மாநிலங்களில் தனியார் வீட்டுக்காரர் அதை மறுக்க முடியும், டாக்ஸ் கிரெடிட் கட்டடம் வவுச்சரைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்ற விதி மட்டும் நினைவில் இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. செக்‌ஷன் 8 கட்டடம் ஒவ்வொன்றுக்கும் தனி வெயிட்டிங் லிஸ்ட், அந்தந்த அலுவலகத்திலேயே பெயர் கொடுக்க வேண்டும். முகவரி மாறினால் அத்தனை இடத்திலும் உடனே எழுதிக் கொடுங்கள். அவர்கள் அனுப்பும் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். எங்களுக்கான கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போனது. அங்கே புதிதாகக் குடிவந்த அம்மா அதை எடுத்து வைத்திருந்து கொடுத்தார். கெடு முடிய நான்கு நாள் இருந்தது.